பெருக்கல்

மாதம் முடியச் சில நாள் இருக்கும்போதே
எனக்குப் பணம் வந்துவிடுகிறது.
நான் தூங்கும்போது வருகிறது.
விடிந்ததும் சுங்கை சிப்புட் பெரிய சாலையில்
காசு மெஷின் முன்னால் வரிசை:
தபால்காரர், தாதி, ரயில்வே சிக்னல் ஆள்,
வரிசையை இன்னும் நேராக்கிக்கொண்டிருக்கும்
கணக்கு வாத்தியார்.
இந்த வருட ஏற்றம் போதாது என்று
எல்லாரும் சலித்துக்கொண்டோம்.
நானும்தான்.

நான் பள்ளிக்கூடக் கிராணி.
முப்பத்து மூன்று வருடம்
அடுத்தவர் பென்சனைக் கூட்டிக் கொடுத்தவன்.
அறுநூறில் ஒரு பங்கு,
பெருக்கல் வேலை செய்த மாதம்,
பெருக்கல் கடைசிச் சம்பளம்.
மனைவியின் பிறந்த நாளை இரண்டு தரம் மறந்தவன்
இதை ஒரு தரமும் மறந்ததில்லை.

தனபாக்கியம் அதே பள்ளிக்கூடத்தைப் பெருக்கினாள்.
நானும் பெருக்கினேன், அவளும் பெருக்கினாள்.
தமிழில் ஒரே சொல்.
அரசாங்கம் மலாயில் கணக்கு வைத்திருக்கிறது.
அங்கே இரண்டுக்கும் வேறு வேறு சொல்.

இருபத்தேழு வருடம்.
மூன்று வருடத்துக்கு ஒரு குத்தகை,
குத்தகைக்கு ஒரு கம்பெனி,
கம்பெனிக்கு ஒரு நிறச் சட்டை.
ஒவ்வொரு தரமும் அவள் புது ஆள்.
பழைய கம்பெனிச் சட்டையை நனைத்துப்
புதுக் கம்பெனியின் தரையைத் துடைப்பாள்.
ஒன்பதாவது கம்பெனியிலிருந்து வந்த பையன்
"முன் அனுபவம் உண்டா?" என்று கேட்டான்.
இரண்டாம் வகுப்பு வாசலைக் காட்டினாள்:
"அங்கதான் தம்பி நீ வாந்தி எடுத்த."

என் பிரிவு விருந்தில்
பிரியாணி, மூன்று மொழியில் பேச்சு,
இனி நேரம் தேவைப்படாதவனுக்கு
ஒரு சுவர்க் கடிகாரம்.
கடைசி நாற்காலியை அடுக்கி விளக்கை அணைத்தது அவள்.

இரண்டு வருடம் கழித்து அவளுடைய கடைசி நாள்.
இரண்டு சட்டையும் ஓர் அட்டையும் திருப்பிக் கொடுத்தாள்.
மூன்றாவது சட்டை எங்கே என்று
முப்பது வெள்ளி பிடித்துக்கொண்டார்கள்.
அந்தக் கடிதத்தை வாசித்துச் சொல்ல
என்னிடம்தான் கொண்டுவந்தாள்.
சேமநிதித் தாளையும் கொண்டுவந்தாள்.
இரண்டு கம்பெனி கட்டியதாகச் சொன்னது,
கட்டவில்லை.

அன்றிரவு மின்சார பில்லின் பின்பக்கம்
யாரும் கேட்காத ஒரு கணக்கைப் போட்டேன்.
முந்நூற்று இருபத்து நான்கு மாதம்,
ஆயிரத்து எழுநூறு வெள்ளி,
அறுநூறால் வகுக்க
தொள்ளாயிரத்துப் பதினெட்டு.
மீதமில்லை.
பழக்கம், விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அப்புறம் என் கணக்கையும் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மாதம் உழைத்தேன்.
முந்நூற்று அறுபதுக்கு மேல் சட்டம் எண்ணாது.
மிச்சம் முப்பத்தாறு,
எந்த ஏட்டிலும் ஏறாமல் கிடக்கிறது.
சரியாக ஒரு குத்தகை.

கோப்பிக் கடையில் இப்போது மங்கு கழுவுகிறாள்.
சொன்னேன்:
என்னிடம் மூன்று வருடம் சும்மா கிடக்கிறது தனபாக்கியம்,
மாற்றிக் கொடுக்கத்தான் ஒரு பாரம் இல்லை.

கை ஈரத்தோடு நின்றாள்.
"நீங்க உக்காந்த மூணு வருசம் எனக்கு எதுக்குங்க?
நான் நின்னது எங்க எழுதியிருக்கு,
அதச் சொல்லுங்க."

எந்த அலமாரியில் எந்தக் கோப்பு என்று
கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.
ஆசிரியர்களுக்கு இருந்தது, எனக்கு இருந்தது,
தோட்டக்காரருக்குக்கூட இருந்தது சேவைப் புத்தகம்.
அவளுக்கு இருந்தது
மாதக் கடைசியில் ஒரே ஒரு தாள்:
*துப்புரவு திருப்தி.*
அதன் கீழே என் கையெழுத்து.
முந்நூறு தரம் போட்டிருப்பேன்.
அதைக் காட்டித்தான் கம்பெனி பணம் வாங்கியது.

இதை அவளிடம் சொல்லவில்லை.

கோப்பி ஓ ஒரு வெள்ளி எண்பது.
இரண்டு வெள்ளி கொடுத்தேன், மிச்சம் வேண்டாம் என்றேன்.
இருபது காசை
மேசையில் வைத்தாள்.
சுற்றிலும் துடைத்துவிட்டுப் போனாள்.